ஓட்டைவாளி கட்டிய மூட்டை

என் தங்கச்சி புருஷனை எங்கள் தெருவில் ஓட்டைவாளி என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பேர்தான், ஆனால் பொய் கிடையாது. அவனிடம் நிஜமாகவே ஒரு ஓட்டை வாளி இருக்கிறது. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கிற அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் வாளி. அதன் அடிப்பாகத்தை அவனே ரம்பம் வைத்து வட்டமாக அறுத்து எடுத்துவிட்டான். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்ல வேண்டும்.

கவலைப்படுவதில் அவனை மிஞ்ச இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும். மழை பெய்தால் வெள்ளம் வருமோ என்பான். பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இருக்குமோ என்பான். லேசாகத் தூறினால், இதில் எதற்குக் கவலைப்படுவது என்று தெரியாமல் வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பான். கல்யாணத்தன்று போட்டோ எடுக்கிறவர் "கொஞ்சம் சிரிங்க" என்றதற்கு, "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்டவன். அந்தப் படம் இன்னும் என் தங்கச்சி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் இவன், யாரோ பர்ஸை அடித்துக்கொண்டு ஓடியது போல நிற்கிறான்.

முதலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை. உடைத்திருந்தால்கூடப் பயம் தெளிந்திருக்கும். உடையாமல் உடையாமல் பயம் வளர்ந்து, கடைசியில் வீட்டில் டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தான். அதை விட்டுவிட்டு ஒரு கிடங்குக்குக் காவல்காரனாகப் போனான். அங்கே முதலாளியையே உள்ளே விட மறுத்துவிட்டான். "மொதலாளி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வந்திருந்தா என்ன செய்றது மச்சான்?" என்று என்னிடமே நியாயம் கேட்டான்.

அதற்குப் பிறகுதான் வீட்டுத் தோட்டங்களில் களை பிடுங்கும் வேலைக்கு வந்தான். ஏன் இந்த வேலை என்று என் சைக்கிள் கடையில் உட்கார்ந்து ஒரு நாள் விளக்கினான்.

"களைன்னா நிம்மதி மச்சான். ஏற்கெனவே வேண்டாம்னு சொன்ன சாமான். ஒடைஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. காணாமப் போனா சந்தோஷப்படுவாங்க. இதுல நான் கவலைப்பட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"மாப்ளே, நீ தேடுனா கெடைக்கும்" என்றேன்.

கிடைத்தது. களையைப் பிடுங்குவது சுலபம், மூட்டை கட்டுவதுதான் கஷ்டம். பிளாஸ்டிக் பை ஒரு சோம்பேறி. ஒரு கையால் அதன் வாயைத் திறந்து பிடித்தால் மறு கையில் எவ்வளவு அள்ள முடியும்? பாதி உள்ளே போகும், பாதி செருப்பில் விழும். காற்றடித்தால் பை முகத்தில் வந்து ஒட்டும். அதற்குத்தான் வாளியை அறுத்தான். பையை வாளிக்குக் கீழிருந்து மேலே மாட்டி, விளிம்பில் மடித்து, என் கடையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை வளையமாகச் சுற்றிவிடுவான். பை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நிரம்பியதும் டியூபைக் கழற்றி வாளியை மேலே உருவினால், மூட்டை மட்டும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். வாளிக்கு அடி இல்லாததால் தூக்க வேண்டியதும் இல்லை, கவிழ்க்க வேண்டியதும் இல்லை.

அத்தோடு நிற்கவில்லை. சில களைகள் பட்டால் அவனுக்குக் கை தடித்து, முழங்கை வரை அரிக்கும். அதனால் களைக்கொத்தியால் பெயர்த்துப் போட்டுவிட்டு, அள்ளுவதற்கு இரண்டு எண்ணெய் கேனை முறம் போல வெட்டி, கைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் நிமிர்ந்து நடக்கும் நண்டு. பிடுங்கிய களையை இழுத்து வர ஒரு பற்பசை விளம்பரத்துப் பேனர். அதில் ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரிப்பாள், அந்தப் பல்லின் மேலேயே குவித்து, நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, வாளிக்குள் சரித்துவிடுவான். மேலே அமுக்க ஒரு கட்டை. உலக்கை நீளக் கம்பின் நுனியில் வட்டப் பலகை அடித்தது. ஒரு மூட்டையில் மூன்று மூட்டைக் களை அடங்கும். ஆக, பிடுங்கின களை மூட்டைக்குள் போகும் வரை கையில் படவே படாது. அதுதான் அவனுக்குப் பெருமை. பின்னால் அதுவே வினையாக வந்தது.

விதை பிடித்த களையை மட்டும் குப்பையோடு கொடுக்க மாட்டான். அது வேறு எங்கேயாவது போய் முளைத்து, யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று கவலை. தனி மூட்டையாகக் கறுப்புப் பையில் கட்டி, தன் வீட்டுக் குளியலறைத் தகரக் கூரையின் மேல் வெயிலில் வைத்து வேகவிடுவான். இங்கேதான் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். கடையில் வேலை இல்லாத ஒரு நாள், சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்:

"பச்சைக் களைய இறுக்கிக் கட்டி வெயில்ல வச்சா உள்ள காத்து ஊதி, சூடு ஏறி, டமார்னு வெடிக்கும் மாப்ளே. ஒருத்தன் வீட்டுக் கூரை அப்படியே பறந்து போய் ரயில் மேல உக்காந்துடுச்சாம். ரயிலு கூரையோட அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேந்துதாம்."

அவன் சிரிக்கவில்லை. "எந்த ரயிலு?" என்று கேட்டான்.

மறுநாளே கோணி ஊசியால் மூட்டை முழுக்கக் குத்தி ஓட்டை போட ஆரம்பித்தான். அதுவும் போதாமல் நனைத்த சாக்கு ஒன்றை மேலே போர்த்தி, காய்ந்தால் மறுபடி தண்ணீர் தெளித்தான். உள்ளே விதை வேகவே இல்லை, குளுகுளுவென்று முளைவிட்டது. "அடுப்பப் பத்த வச்சிட்டுப் பானைக்கு விசிறி விடுற ஆளு நீ ஒருத்தன்தான்டா" என்றால், "வெடிக்கறதுக்கு மொளைக்கறது தேவலை மச்சான்" என்பான்.

இனி நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு நர்ஸம்மா வீடு. பின்னால் பெரிய தோட்டம். அதில் ஒரு ஆமை உண்டு. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்கு நீதிபதி என்று பேர் வைத்தது நர்ஸம்மாவின் மாமியார். "எது கேட்டாலும் தலைய உள்ள இழுத்துக்குவான், ஒரு முடிவுக்கு வர ஒரு வருஷம் ஆகும்" என்பார். அந்தப் பெரியம்மா இடுப்பு எலும்பு முறிந்து, ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடக்கிறார். நர்ஸம்மா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. டிவி, பேப்பர், பேரப்பிள்ளை எல்லாம் அவருக்கு அந்த ஆமைதான். தினமும் காலையில் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். வெள்ளரித் துண்டு ஒன்றை மேலேயிருந்து போடுவார். அது தின்று முடிக்கிற வரை ஊர் வம்பெல்லாம் அதனிடம் சொல்வார்.

அன்றைக்கு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து நின்றான். கையிலிருந்து அந்த எண்ணெய் கேன் முறங்களைக் கழற்றக்கூட இல்லை. முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. அவன் முகம் எப்போதும் பாதி அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு முழுசாக இருந்தது.

"மச்சான், நீதிபதியக் காணோம்."

"எங்கயாவது தீர்ப்பு எழுதிக்கிட்டு இருப்பாரு."

"வெள்ளரிக்காய்க்கு வரலையாம். பெரியம்மா காலையிலேருந்து கூப்பிடறாங்க. ஒரு நாளும் வராம இருந்ததில்லையாம்." கை முறத்தால் தெருக்கோடியைக் காட்டினான். "நான் காலையில அங்கதான் மச்சான் களை அள்ளினேன். பேனர்ல இழுத்து, வாளியில சரிச்சு..."

எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. ரப்பர் பசை காய்வதற்குள் எழுந்துவிட்டேன்.

தோட்டத்துச் சுவர் ஓரமாக மூட்டைகள் வரிசையாக, வெயிலில் குந்தியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குண்டு மனிதர் போல. ஜன்னலில் பெரியம்மா கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவன் அந்த வேலிப் பக்கம்தான் காலையில போனான். நான் பாத்தேன். தழைக்குள்ள போனவன் வெளிய வரல. நீ நல்லாத் தேடுப்பா."

"தேடறேன் பெரியம்மா."

"அவனுக்கு வெயில் ஆகாது. தண்ணி வேணும் அவனுக்கு."

"தெரியும் பெரியம்மா" என்றான் மாப்பிள்ளை. மூட்டைகளை அவர் பார்க்காதபடி நடுவில் வந்து நின்றுகொண்டான். அவன் உடம்புக்கு அது முடியாத காரியம். அவன் பின்னால் ஒரு குடைக்கம்பியைத்தான் மறைக்க முடியும்.

முதல் மூட்டையை அவிழ்த்தோம். உள்ளேயிருந்து வந்த சூடு அடுப்பு வாயைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. கொட்டினோம், கிளறினோம், இல்லை. அடுத்தது. இல்லை. காலையெல்லாம் அள்ளிக் கட்டியதை நானும் அவனும் பைத்தியக்காரர்கள் போலத் தோட்டம் முழுக்கக் கொட்டினோம். இரண்டு கல்லும் ஒரு உடைந்த செருப்பும் ஒரு ஸ்பூனும் கிடைத்தன. ஒவ்வொரு கல் தட்டுப்படும்போதும் அவன் மூச்சு நின்று நின்று வந்தது.

கடைசி மூட்டையும் முடிந்தது. நீதிபதி இல்லை.

"பாத்தியா, இங்க இல்ல. வேலிச் சந்துல பூந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், வேலியோரம் இருந்ததுதான் விதை வச்ச களை" என்றான் மெதுவாக. "அத அப்பவே வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். கூரை மேல வச்சிருக்கேன்."

கடைக்கு ஓடினோம். வேலை முடிந்து ஒரு சைக்கிள் நின்றது, வேறு ஆளுடையது. அதை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினோம். அவன் பின்னால் உட்கார்ந்தான். அவ்வளவு வேகமாக நான் என் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. பின்னாலிருந்து அவன் பேசிக்கொண்டே வந்தான்.

"கட்டையால அமுக்கினேன் மச்சான்."

"மெதுவாத்தானே அமுக்கினே?"

"நல்லா அமுக்கினேன். களை மேல வந்து வந்து நின்னுது."

"சரி விடு. அதுக்குத்தான் ஓடு குடுத்து அனுப்பியிருக்கு."

கொஞ்ச தூரம் போனோம்.

"அப்புறம் வாயக் கட்ட முடியலைன்னு மேல ஏறி உக்காந்தேன் மச்சான்."

என் வாயிலிருந்து கிண்டல் வராமல் போனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பெடலை மிதித்தேன்.

வீட்டில் என் தங்கச்சி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில். தெருவின் பாதிச் சட்டைகள் அவள் மேசையில்தான் விறைப்பாகும். எங்களைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னண்ணே, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"ஒம் புருஷன் ஒரு நீதிபதிய மூட்டை கட்டி மொட்டை வெயில்ல வச்சிட்டாரு."

"என்னங்க இது?" என்று அவனைக் கேட்டாள். அவன் ஏணியை எடுத்துச் சாய்த்தான். நான் ஏறுகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு அவனே ஏறினான். எப்போதும் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்து ஏறுகிறவன், அன்றைக்கு ஒன்றையும் தட்டவில்லை. நான் பின்னாலேயே ஏறினேன்.

தகரம் காலைச் சுட்டது. மூட்டை நடுவில் இருந்தது, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு. சாக்கு ஓரத்தில் காய்ந்து, நடுவில் இன்னும் கறுப்பாக ஈரம். மாப்பிள்ளை முட்டி போட்டு உட்கார்ந்தான். மூட்டையில் காதை வைத்தான். முடிச்சில் கை வைத்தான், எடுத்தான்.

"அவிழ்டா" என்றேன்.

"அவிழ்க்காத வரைக்கும் இன்னும் தெரியாதில்ல மச்சான்."

"அங்க ஒரு கெழவி வெள்ளரிக்காய கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. அவிழ்."

கீழேயிருந்து தங்கச்சி, "என்னங்க, இருக்கா?" என்று கேட்டாள். அவன் முடிச்சை அவிழ்த்தான். அவன் போட்ட முடிச்சு, அவ்வளவு லேசில் வராது. எதையாவது கட்டினால் உலகம் முடிகிற வரை அவிழக் கூடாது என்றுதான் கட்டுவான். பல்லால் கடித்து இழுத்தான். வாய் திறந்தது. கொட்டலாம் என்று நான் மூட்டையைப் பிடித்தேன். "வேணாம், மேலேருந்து விழுந்து அடிபட்டுடும்" என்று தடுத்தான். கை முறங்களைத் தேடக்கூட இல்லை. முழங்கை வரை அரிக்கும் என்று தொடப் பயந்த அதே களைக்குள் வெறும் கையை விட்டான். தோள் வரை விட்டான். கண்ணை மூடிக்கொண்டு துழாவினான்.

கை நின்றது.

"கல்லா?" என்றேன்.

மெதுவாக வெளியே எடுத்தான். நீதிபதிதான். முதுகு முழுக்க விதையும் தழையும் ஒட்டி, தலை கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மூடின டப்பா போல இருந்தார். அவன் இரண்டு கையையும் தொட்டில் போல வைத்துக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக, முதுகைத் தேய்த்தபடி இறங்கினான்.

தங்கச்சி துணிக்குத் தெளிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஓட்டின் மேல் தெளித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவன் உள்ளங்கையைச் சுற்றி நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு காய்கறி வண்டி கத்திக்கொண்டே போய், அந்தச் சத்தமும் தேய்ந்தது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. இஸ்திரி மேசையிலிருந்து சூட்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

"தலை எந்தப் பக்கம்?" என்று தங்கச்சி கிசுகிசுத்தாள்.

"தெரியல" என்றான். அவன் கண் நிறைந்துவிட்டது. "எல்லாம் பாத்துப் பாத்துத்தானே செஞ்சேன். களையாச்சே, இதுல என்ன ஆகிடப்போகுதுன்னு..."

அப்போதுதான் அவன் துள்ளினான். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ ஓடி, விரலிடுக்கு வழியாகச் சொட்டியது. நீதிபதி தீர்ப்பு வழங்கிவிட்டார். சின்ன உடம்பில் அவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் தெருக்குழாயில் ஒரு வாரத்துக்கு வருகிற தண்ணீர் அது. பிறகு ஒரு கால் வந்தது. அப்புறம் தலை வந்தது. வாயில் ஒரு தண்டு. மென்றுகொண்டிருந்தார்.

"உள்ள விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரு" என்றேன். மாப்பிள்ளை கையைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று அவர் வேகாமல் பிழைத்தது ஊசி ஓட்டையாலும் ஈரச் சாக்காலும்தான். அந்த ஓட்டையும் சாக்கும் வந்தது என் ரயில் கதையால். ஆகவே ஓர் உயிரைக் காப்பாற்றியவன் நான்தான் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் போனபோது நர்ஸம்மா வேலை முடிந்து வந்திருந்தார். காலையில் சுத்தமாக்கச் சொல்லிவிட்டுப் போன தோட்டம், யானைக்கூட்டம் புரண்டது போலக் கிடந்தது. மாப்பிள்ளை எதையும் மறைக்கவில்லை. முதலிலிருந்து சொன்னான். அமுக்கினதையும் சொன்னான். மேலே உட்கார்ந்ததையும் சொன்னான், நான் பின்னாலிருந்து கிள்ளியும் கேட்காமல்.

நர்ஸம்மா ஆமையை வாங்கி நோயாளியைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலை இழுத்துப் பார்த்தார், அது வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் பெரியம்மா ஜன்னலோடு ஒட்டியிருந்தார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"நல்லாத்தான் இருக்கான் அத்தே" என்றார் நர்ஸம்மா.

பெரியம்மா வெள்ளரித் துண்டை நீட்டினார். காலையில் வெட்டினது, வாடிப் போயிருந்தது. நீதிபதி அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருக்கான் திருட்டுப் பய" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்தார். பிறகு மாப்பிள்ளையிடம், "நீ ஏன்பா அழறே? அவன்தான் மூட்டைக்குள்ள இருந்தான்" என்றார்.

"நாளைக்கு வரட்டுமா சிஸ்டர், இல்ல..." என்று இழுத்தான் மாப்பிள்ளை.

"நாளைக்கு எதுக்குண்ணே? இத இன்னைக்கே அள்ளணும்" என்றார் நர்ஸம்மா. "கையால அள்ளுங்க."

இருட்டுகிற வரை அள்ளினான். வெறும் கையால், ஒவ்வொரு பிடியாக, தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து. மறுநாள் அவன் கைகள் இரண்டும் பன் போல வீங்கியிருந்தன. என் தங்கச்சி மருந்து தடவும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

வாளியை அவன் விட்டுவிடவில்லை. பேனரும் முறமும்கூட இருக்கின்றன. ஆனால் பேனரில் இருப்பதைச் சரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வெறும் கையால் துழாவுகிறான். மூட்டையைக் கட்டுவதற்கு முன்னால் வாளியைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, குனிந்து, உள்ளே பார்த்துக் கேட்கிறான்: "யாராவது இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு, பதில் வரும் என்பது போல நிற்கிறான்.

போன வாரம் ஒரு வீட்டில் அவன் அப்படிக் கேட்டபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நான் போய்க்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்" என்றேன்.

முழு மூட்டையையும் கொட்டிவிட்டான். நான் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தபோதுகூடக் கோபப்படவில்லை. கடைசித் தழை வரை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"வாங்க மச்சான், திருப்பி அள்ளலாம்" என்று ஒரு முறத்தை என்னிடம் நீட்டினான். "நல்லவேளை, நீங்கதான்."